மன்னர் போன பின்னும் மகுடம்

1918 அக்டோபர் 28 அன்று பிராக் நகரத் தெருக்களில் ஆஸ்திரியப் பேரரசின் இருதலைக் கழுகுச் சின்னங்களை மக்கள் பெயர்த்துப் போட்டார்கள். ஏறக்குறைய நானூறு ஆண்டு ஹாப்ஸ்பர்க் ஆட்சி அன்றோடு முடிந்தது. பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப் பெயரைத் தாங்கியிருந்த ரயில் நிலையத்துக்கு அமெரிக்க அதிபர் வில்சன் பெயர் வந்தது. பெயர்ப்பலகைகள், தபால்தலைகள் என்று ஒவ்வொன்றாக மாறின. சட்டைப்பையில் இருந்த பணத்தை மட்டும் யாரும் தூக்கி எறியவில்லை. வியன்னாவில் இருந்த ஆஸ்திரிய-ஹங்கேரிய வங்கி அச்சிட்ட நோட்டு அது. ஜெர்மன் மொழியில் குரோன, செக் மொழியில் கொருனா. இரண்டுக்கும் பொருள் மகுடம்தான். முடியாட்சியை ஒழித்துவிட்டோம் என்று அறிவித்த குடியரசு, தன் ஊழியர்களுக்கு முதல் சம்பளத்தை மகுடங்களில் எண்ணிக் கொடுத்தது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் செக் நாட்டின் பணத்துக்கு அதே பெயர்தான்.

இந்தச் சொற்பொழிவுக்குச் செக் நாணயத்தை எடுத்துக்கொண்டதற்கு அந்த முரண் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. 1918-க்குப் பிறகு அந்த மண்ணில் குடியரசு வந்தது, நாஜி ஆட்சி வந்தது, கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது, கூட்டாட்சி வந்தது, மறுபடி தனிக் குடியரசு வந்தது. எல்லாரும் கொருனா என்ற பெயரை வைத்துக்கொண்டார்கள். பெயருக்கு உள்ளே இருந்த மதிப்பில்தான் கை வைத்தார்கள். பெயர் மாறாததால் பணமும் மாறவில்லை என்று நம்பியவர்கள்தான் அதற்கு விலை கொடுத்தார்கள்.

கதையை 1300-இல் தொடங்குவதே முறை. பிராகிலிருந்து கிழக்கே குத்னா ஹோரா என்ற ஊரில் பூமிக்கடியில் வெள்ளி கொட்டிக் கிடந்தது. பொஹீமிய மன்னர் இரண்டாம் வாட்ஸ்லாவ் இத்தாலியிலிருந்து வல்லுநர்களை வரவழைத்தார். அவர்கள் வந்து வேலை பார்த்த நாணயச்சாலைக்கு ‘இத்தாலிய முற்றம்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. கட்டடம் இன்றும் இருக்கிறது. அங்கே அடித்து வெளிவந்த வெள்ளிக்காசுதான் பிராக் குரோஷ். ஒரு பக்கம் இரட்டை வால் சிங்கம்; மறுபக்கம் மன்னரின் முகம் இல்லை, மகுடம். கொருனா என்ற பெயர் பணத்துக்கு வருவதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டு முன்பே மகுடம் காசில் ஏறிவிட்டது.

குரோஷ் பொஹீமியாவுக்கு வெளியேயும் அண்டை நாடுகளில் புழங்கியது. அறுபது குரோஷ் சேர்ந்தால் ஒரு ‘கோபா’. வீடு விற்றாலும் அபராதம் கட்டினாலும் கோபாக் கணக்குதான். குத்னா ஹோராவின் புனித பார்பரா ஆலயத்தில், சுத்தியலும் கையுமாகக் காசு அடிக்கும் தொழிலாளர்களைப் பழைய சுவரோவியத்தில் பார்க்கலாம். அரசர்களையும் புனிதர்களையும் வரைந்த காலத்தில் நாணயச்சாலைக் கூலியாட்களுக்கும் ஆலயச் சுவரில் இடம் கிடைத்தது என்றால், அந்த ஊரில் அவர்களுக்கு இருந்த மதிப்பு விளங்கும். குரோஷில் வெள்ளியின் பங்கு மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே வந்தது. 1547-இல் அதை அடிப்பது நின்றது. பெயர் அப்படியே, உள்ளே இருப்பது குறைவு என்ற வித்தை இருபதாம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பல்ல.

அதற்குள் வெள்ளி வேறோர் இடத்தில் பொங்கியிருந்தது. சாக்சனி எல்லையை ஒட்டிய மலைப் பள்ளத்தாக்கில் 1516-இல் ஒரு சுரங்க நகரம் முளைத்தது. புனித யோவாக்கிம் பெயரால் ஜெர்மன் மொழியில் யோவாக்கிம்ஸ்தால். செக் மொழியில் யாகிமோவ். ஷ்லிக் என்ற பிரபுக் குடும்பத்தார் அங்கே கனமான வெள்ளிக்காசு அடித்தார்கள். ஒரு பக்கம் புனித யோவாக்கிம், மறுபக்கம் பொஹீமியச் சிங்கம். ஊர்ப் பெயரே காசுக்குப் பெயராயிற்று. யோவாக்கிம்ஸ்தாலர் என்பது வாயில் நுழையாததால் தாலர் ஆகி, செக் மொழியில் தோலர் ஆகி, டச்சு மொழியில் டால்டர் ஆகி, ஆங்கிலத்தில் டாலர் ஆயிற்று. அமெரிக்கா 1792-இல் தன் நாணயச் சட்டத்தில் அந்தப் பெயரையே எழுதிக்கொண்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழர்கள் டாலரை ‘வெள்ளி’ என்று சொல்லிவந்தது இதோடு எதிர்பாராமல் பொருந்துகிறது. யாகிமோவில் முதலில் தோண்டியெடுத்ததும் அதைத்தானே.

ஷ்லிக் குடும்பத்தின் யோகம் நீடிக்கவில்லை. குடும்பத் தலைவர் ஷ்டெபான் 1526-இல் மோஹாச் போர்க்களத்துக்குப் போனவர் திரும்பவில்லை. இரண்டே ஆண்டில் காசு அடிக்கும் உரிமையைப் புதிய மன்னர் முதலாம் ஃபெர்டினாண்ட் தன் கையில் எடுத்துக்கொண்டார். யாகிமோவ் மட்டும் வரலாற்றை விடவில்லை. அதே மலையின் கனிமக் கழிவிலிருந்துதான் மேரி கியூரி ரேடியத்தைப் பிரித்தார். 1950-களில் கம்யூனிஸ்ட் அரசு அரசியல் கைதிகளை அங்கே யுரேனியம் தோண்ட அனுப்பியது. டாலருக்குப் பெயர் கொடுத்த பள்ளத்தாக்கில் டாலரை எதிர்த்த முகாமின் அணுகுண்டுக்குத் தாது வெட்டினார்கள்.

அடுத்த முந்நூறு ஆண்டைச் சுருக்கிவிடலாம். பணத்தின் தலைவிதி பிராகை விட்டு வியன்னாவுக்குப் போனது. நெப்போலியன் போர்களுக்காக வியன்னா காகிதப் பணத்தை அச்சடித்துத் தள்ளி, 1811-இல் திவாலாகி, ஐந்து கொடுத்தால் ஒன்று என்று மதிப்பை வெட்டியது. ஐந்துக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு 142 ஆண்டுக்குப் பிறகு இன்னொரு தடவை வரப்போகிறது. பிறகு 1892-இல் பேரரசு தங்கத்தை அடிப்படையாக்கிப் புதிய பணத்தைக் கொண்டுவந்தது. பழைய பணமான ஸ்லாத்தி ஒன்றுக்கு இரண்டு புதிய கொருனா. ஒரு கொருனாவுக்கு நூறு ஹலேர். ஹலேர் என்ற பெயரும் ஓர் ஊரிலிருந்து வந்ததுதான், ஜெர்மனியின் ஷ்வேபிஷ் ஹால்.

அந்த ஒன்றுக்கு இரண்டு என்ற மாற்றம் மக்கள் பேச்சில் ஒரு தழும்பை விட்டுப் போயிருக்கிறது. பழைய ஐந்து ஸ்லாத்தி புதிய பத்து கொருனாவுக்குச் சமம் என்பதால், பத்து கொருனாவைப் ‘பியெட்கா’ என்றார்கள். பியெட்கா என்றால் ஐந்து. ஸ்லாத்தி செத்து நூறு ஆண்டுக்கு மேலாகியும் பத்துக் கொருனா நாணயத்தை ‘ஐந்து’ என்று சொல்லும் வழக்கு செக் பேச்சில் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. வெளியூர்க்காரர் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கக்கூடும்.

1918-இன் குளிர்காலத்துக்கு வருவோம். புதிய செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் நிதியமைச்சர் அலோய்ஸ் ரஷீன். வழக்கறிஞர். போர்க்காலத்தில் தேசத்துரோகக் குற்றம் சாட்டி, 1916-இல் ஆஸ்திரிய நீதிமன்றம் இவருக்குத் தூக்குத்தண்டனை விதித்திருந்தது. அடுத்த ஆண்டு பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். இவர் கண்ட சிக்கல் எளிமையானது, ஆனால் பயங்கரமானது. நாடு தனியாகிவிட்டது, பணம் தனியாகவில்லை. வியன்னா வங்கி அச்சு இயந்திரத்தை நிறுத்தவே இல்லை. அங்கே அச்சாகிற ஒவ்வொரு நோட்டும் பிராகில் செல்லும். தோற்றுப்போன பேரரசின் செலவை, அதிலிருந்து பிரிந்து வந்தவர்கள் சுமக்க வேண்டிய நிலை.

புதிய நோட்டு அச்சிட நாளாகும். ரஷீன் காத்திருக்கவில்லை. 1919 பிப்ரவரி 25 அன்று தேசியச் சட்டமன்றம் ரகசியக் கூட்டத்தில் சட்டத்தை நிறைவேற்றியது. உடனே எல்லைகளை மூடினார்கள். வெளிநாட்டுக்கான தபாலையும் நிறுத்தினார்கள். நாட்டுக்குள் எவ்வளவு பணம் இருக்கிறதோ அவ்வளவுதான், புதிதாக எதுவும் உள்ளே வரக்கூடாது. மார்ச் 3 முதல் 9 வரை மக்கள் தங்களிடமிருந்த நோட்டுகளைக் கொண்டுவந்து வரிசையில் நின்றார்கள். அலுவலர்கள் ஒவ்வொரு நோட்டிலும் ஒரு சிறு முத்திரை வில்லையை ஒட்டினார்கள். வில்லையின் விலை நோட்டின் மதிப்பில் நூற்றில் ஒரு பங்கு. பத்துக் கொருனாவுக்குப் பத்து ஹலேர் வில்லை, நூறு கொருனாவுக்கு ஒரு கொருனா வில்லை, ஆயிரத்துக்குப் பத்து. வில்லை ஒட்டிய நோட்டு செக்கோஸ்லோவாக்கியப் பணம். ஒட்டாத நோட்டு வெளிநாட்டுப் பணம்.

ஒட்டியதோடு முடிந்திருந்தால் அது வெறும் அடையாளச் சடங்கு. பொதுவிதிப்படி, கொண்டுவந்த தொகையில் பாதியைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். ஆயிரத்தோடு வந்தவர் ஐந்நூறோடு வீட்டுக்குப் போனார். மீதி ஐந்நூறுக்கு ஒரு சான்றிதழ், ஒரு சதவீத வட்டி. கட்டாயக் கடன் என்பது அதன் சட்டப் பெயர். புழக்கத்தில் இருந்த பணத்தின் அளவைக் குறைத்து, அதன் மூலம் மதிப்பைத் தூக்கி நிறுத்துவது ரஷீனின் நோக்கம். ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 10-ஆம் தேதிச் சட்டம் புதிய பணத்தை முறையாகப் பிரகடனம் செய்தது.

அப்போதுதான் பெயர்ச் சண்டை. குடியரசுக்கு எதற்கு மகுடம் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். நட்பு நாடான பிரான்ஸைப் பார்த்து ஃபிராங்க் என்று வைக்கலாம் என்றார்கள். சோகோல் என்ற பெயரும் எழுந்தது. சோகோல் என்றால் வல்லூறு. 1862-இல் மிரோஸ்லாவ் டிர்ஷ் தொடங்கிய, செக் தேசிய உணர்வை உடற்பயிற்சிக் கூடங்களில் வளர்த்த இயக்கத்தின் பெயரும் அதுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடைசியில் ‘செக்கோஸ்லோவாக்கியக் கொருனா’ என்றே சட்டத்தில் எழுதினார்கள். கடன் பத்திரம், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாம் கொருனாவில் எழுதியிருந்த ஒரு நாட்டில் அது நடைமுறை அறிவு. பிராகின் புனித விட்டஸ் பேராலயத்தில் ஏழு பூட்டுக்குப் பின்னால் பொஹீமியாவின் சொந்த மகுடம், நான்காம் கார்ல் செய்வித்தது, பத்திரமாக இருக்கிறது என்பதும் பெயரின் கசப்பைச் சற்றுக் குறைத்திருக்கலாம்.

முதல் சொந்த நோட்டை வரைந்தவர் அல்ஃபோன்ஸ் முகா. பாரிஸில் சாரா பெர்னார்ட்டின் நாடகச் சுவரொட்டிகளால் புகழ்பெற்ற அதே முகா. 1919-இன் நூறு கொருனா நோட்டில் உள்ள பெண்முகம் அவர் பத்தாண்டுக்கு முன் வரைந்த ஓர் ஓவியத்திலிருந்து எடுத்தது. ஸ்லாவ் இனத்தின் தாயாக அதில் அமர்ந்திருப்பவர் ஜோசபின் கிரேன் பிராட்லி என்ற அமெரிக்கப் பெண். முகாவின் ‘ஸ்லாவ் காவியம்’ ஓவிய வரிசைக்குப் பணம் கொடுத்த சிகாகோ செல்வந்தர் சார்லஸ் கிரேனின் மகள். புரவலர் மகள் பணத்திலேயே ஏறிவிட்டார்.

ரஷீனின் வைத்தியம் பலித்தது. பேரரசின் மற்ற வாரிசுகளைப் பார்த்தால் இது புரியும். வியன்னாவிலும் புடாபெஸ்ட்டிலும் பணவீக்கம் தலைவிரித்து ஆடியது. 1925-இல் ஆஸ்திரியா பத்தாயிரம் குரோனவுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்துக் கணக்கை முடித்தது. 1927-இல் ஹங்கேரி 12,500 கொரோனாவுக்கு ஒரு பெங்கோ கொடுத்தது. மகுடம் சூடிய தலைநகரங்களில் மகுடம் என்ற பெயர் மானம் போய்ச் செத்தது. அதை எதிர்த்துப் பிரிந்த பிராகில், மதிப்போடு பிழைத்தது. பெயர் நிலைத்ததற்கு உண்மையான காரணம் இதுவே.

வைத்தியத்துக்குச் செலவும் இருந்தது. கொருனா வலுக்க வலுக்க ஏற்றுமதி படுத்தது. 1922 வாக்கில் ஆலைகள் மூடின, வேலையின்மை பெருகியது. சிக்கனத்தைத் தவிர வேறு எதையும் பேசாத ரஷீன் தொழிலாளர்களின் வெறுப்புக்கு ஆளானார். 1923 ஜனவரி 5 காலையில் பிராகில் தன் வீட்டைவிட்டு வெளியே வந்தவரை யோசெஃப் ஷோபல் என்ற இளைஞன் சுட்டான். ஆறு வாரம் போராடி, பிப்ரவரி 18 அன்று ரஷீன் இறந்தார். பணத்தின் மதிப்பைக் காப்பாற்றியதற்காக உயிரைக் கொடுத்த நிதியமைச்சர்கள் உலகத்தில் அதிகம் பேர் இல்லை.

அவர் சேர்த்துவைத்த நம்பிக்கையைத்தான் பிறகு வந்தவர்கள் எடுத்துச் செலவழித்தார்கள். 1939-இல் நாஜிகள் ஆக்கிரமித்தபோது கொருனாவை ஒழிக்கவில்லை. ஒரு மார்க்குக்குப் பத்துக் கொருனா என்று விகிதத்தை மட்டும் நிர்ணயித்தார்கள். ஜெர்மன் சிப்பாய்கள் பிராக் கடைகளில் பொருளை அள்ளிக்கொண்டு போவதற்கு அதுவே போதுமானதாக இருந்தது. போர் முடிந்ததும் 1945 நவம்பரில் ஆளுக்கு ஐந்நூறு கொருனா கையில் கொடுத்து, மற்றதையெல்லாம் வங்கியில் முடக்கினார்கள். முடக்கிய பணம் பின்னால் கிடைக்கும் என்று மக்கள் காத்திருந்தார்கள்.

1953 மே 29 அன்று, கம்யூனிஸ்ட் ஆட்சியின் அதிபர் அன்டோனின் ஸாபோடோட்ஸ்கி வானொலியில் பேசினார். நாணயம் உறுதியாக இருக்கிறது, மாற்றம் எதுவும் வராது என்று உறுதியளித்தார். மறுநாளே மாற்றம் அறிவிக்கப்பட்டது. ஜூன் 1 முதல் அமல். புதிய நோட்டுகளைச் சோவியத் யூனியனில் அச்சிட்டு முன்கூட்டியே கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். மூன்று கொருனா நோட்டு, மூன்று ஹலேர் காசு, இருபத்தைந்து கொருனா நோட்டு என்று ரூபிள் வரிசையை அப்படியே ஒத்த பிரிவுகள். பெயர் மட்டும் கொருனா.

கணக்கு இப்படி. ஆளுக்கு முந்நூறு பழைய கொருனா வரை ஐந்துக்கு ஒன்று. அதற்கு மேல் கையில் உள்ள ரொக்கத்துக்கு ஐம்பதுக்கு ஒன்று. நான்கு பேர் உள்ள ஒரு வீட்டில் பத்தாயிரம் கொருனா ரொக்கம் இருந்ததாக வைத்துக்கொள்ளலாம். முதல் 1,200-க்கு 240 கிடைக்கும். மீதி 8,800-க்கு 176. மொத்தம் 416. சம்பளமும் விலைவாசியும் ஐந்துக்கு ஒன்று என்று மாறியதால், அந்தப் பத்தாயிரம் நியாயப்படி இரண்டாயிரம் ஆகியிருக்க வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு ஒரே வார இறுதியில் ஆவியாகிவிட்டது. சேமிப்புக் கணக்கில் போட்டிருந்தவர்களுக்குச் சற்றுச் சலுகை உண்டு. 1945-இல் முடக்கிய பழைய பணத்துக்கோ ஒரு ஹலேர் கூடக் கிடையாது, அடியோடு ரத்து. பணக்காரர்களின் கள்ளப்பணத்தை ஒழிக்கிறோம் என்றது அரசு. மகள் கல்யாணத்துக்கோ வீட்டுக் கூரைக்கோ சேர்த்துவைத்த தொழிலாளி வீட்டில்தான் இடி விழுந்தது.

ஜூன் 1 காலை பில்சென் நகரில் ஷ்கோடா ஆலைத் தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார்கள். தொழிலாளர் அரசுக்கு எதிராகத் தொழிலாளர்கள். அந்த ஆலைக்கு அப்போது லெனின் பெயர் வைத்திருந்தார்கள் என்பது இன்னும் விசேஷம். நகர மன்றத்துக்குள் புகுந்து கம்யூனிஸ்ட் தலைவர்கள் ஸ்டாலின், கொட்வால்ட் சிலைகளை ஜன்னல் வழியே வீசினார்கள். சுதந்திரத் தேர்தல் கேட்டார்கள். மாலைக்குள் ராணுவமும் ஆயுதந்தாங்கிய காவற்படையும் வந்து அடக்கின. முந்நூறுக்கும் மேற்பட்டோருக்குத் தண்டனை. கிழக்கு பெர்லினில் நடந்த எழுச்சி இரண்டு வாரத்துக்குப் பிந்தியது என்றாலும், வரலாற்று நூல்களில் அதற்குக் கிடைக்கும் பக்கங்கள் பில்செனுக்குக் கிடைப்பதில்லை.

அதன் பிறகு அரசே தன் பணத்தை முழுதாக நம்பவில்லை. 1957-இல் டூசெக்ஸ் என்ற கடைகள் வந்தன. மேற்கத்திய ஜீன்ஸ், விஸ்கி, கார் எல்லாம் அங்கே கிடைக்கும். கொருனாவை நீட்டினால் கிடைக்காது. வெளிநாட்டுப் பணத்தைக் கொடுத்து வாங்கும் ‘போன்’ என்ற சீட்டு வேண்டும். கடை வாசலில் நின்று போன் விற்றவர்களுக்கு ‘வெக்ஸ்லாக்’ என்று பெயர். 1988-இல் அவர்களைப் பற்றிய ‘போனி அ கிலித்’ திரைப்படத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. உள்நாட்டுப் பணம் செல்லாத உள்நாட்டுக் கடையை நடத்துவதைவிடப் பெரிய ஒப்புதல் வாக்குமூலம் ஓர் அரசிடமிருந்து வர முடியாது.

1989 அக்டோபர் 1 அன்று, கம்யூனிஸ்ட் தலைவர் கொட்வால்ட் முகம் பதித்த புதிய நூறு கொருனா நோட்டு வெளிவந்தது. நவம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. நோட்டில் இருந்த முகத்தின் மேல் மக்கள் பேனாவால் தங்கள் கருத்தை எழுதினார்கள். 1990 முடிவோடு அது செல்லாமல் போனது.

1993 ஜனவரி 1 அன்று செக்கோஸ்லோவாக்கியா சண்டையில்லாமல் இரண்டாயிற்று. பணம் கொஞ்ச காலம் பொதுவாக இருக்கட்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. ஸ்லோவாக் பணத்தின் மதிப்பு சரியும் என்று பயந்து எல்லாரும் பணத்தைச் செக் வங்கிகளுக்கு மாற்றத் தொடங்கினார்கள். பிப்ரவரி 8 அன்று நாணயமும் பிரிந்தது. பிரித்த விதம்? ரஷீனின் 1919 பாடம்தான். நூறு, ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளில் ரகசியமாக அச்சிட்ட வில்லைகளை ஒட்டினார்கள். ரொக்கமாக மாற்றிக்கொள்ள ஆளுக்கு நாலாயிரம். மீதியை வங்கியில் போட வேண்டும். இம்முறை யாருடைய பணத்தையும் வெட்டவில்லை. இரண்டு நாடுகளும் கொருனா என்ற பெயரை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

புதிய செக் நோட்டுகளை வரைந்தவர் ஓல்ட்ரிஷ் குல்ஹானெக். 1971-இல் சோசலிச நாடுகளை இழிவுபடுத்தியதாகச் சொல்லி ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்ட ஓவியர். அவர் கைவண்ணத்தில் நூறு கொருனாவில் நான்காம் கார்ல், இருநூறில் கல்வியாளர் கொமேனியஸ், ஐந்நூறில் எழுத்தாளர் போஷெனா நெம்ட்சோவா, இரண்டாயிரத்தில் பாடகி எமா டெஸ்டினோவா. நெம்ட்சோவா வாழ்நாளின் கடைசியில் வறுமையில் உழன்றவர். ரஷீனுக்கு 2019-இல்தான் இடம் கிடைத்தது. செக்கோஸ்லோவாக்கிய நாணயத்தின் நூற்றாண்டுக்காகத் தேசிய வங்கி வெளியிட்ட சேகரிப்பாளர் நோட்டில், நூறு கொருனா மதிப்பில்.

ஹலேர் மெல்ல மறைந்தது. கடைசி ஐம்பது ஹலேர் காசு 2008 ஆகஸ்டில் செல்லாமல் போனது. கடை விலைச்சீட்டில் ஹலேர் இன்னும் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுக்கும்போது முழுக் கொருனாவுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். பேச்சில் கொருனாவுக்குக் ‘கச்கா’ என்று செல்லப்பெயர். கொருனாவின் சுருக்கெழுத்தை அப்படியே வாசித்தது. வாத்து என்றும் பொருள். நூறு கொருனா ஒரு கிலோ, ஆயிரம் ஒரு லிட்டர், பத்து லட்சம் ஒரு தர்ப்பூசணி.

ஸ்லோவாக்கியா 2009-இல் யூரோவுக்கு மாறி, மகுடத்தை இறக்கி வைத்தது. செக் நாடும் 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது யூரோவை ஏற்பதாக ஒப்புக்கொண்டதுதான். தேதி மட்டும் குறிக்கவில்லை. 2013 முதல் 2017 வரை, ஒரு யூரோவுக்கு 27 கொருனா என்ற அளவைத் தாண்டிக் கொருனா வலுத்துவிடாமல் தேசிய வங்கியே தடுத்து நிறுத்தியது. ரஷீனுக்குக் கேட்கச் சகித்திருக்காது. சொந்தப் பணம் கையில் இருந்தால்தான் இப்படிச் செய்ய முடியும் என்பது யூரோ வேண்டாம் என்பவர்களின் வாதம். அதிபர் பெட்ர் பாவெல் 2024 புத்தாண்டு உரையில் யூரோவை நோக்கி உருப்படியான அடி எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னபோது பெரிய விவாதமே கிளம்பியது. நிறுவனங்கள் விவாதம் முடியட்டும் என்று காத்திருக்கவில்லை. ஜெர்மனிக்கு உதிரிபாகம் விற்கும் ஆலைகளுக்கு வரவும் செலவும் பெரும்பாலும் யூரோவில்தான். 2024 ஜனவரி முதல், தகுதியுள்ள நிறுவனங்கள் கணக்குப் புத்தகத்தையே யூரோவில் எழுதலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. வரியை மட்டும் கொருனாவில் கட்ட வேண்டும்.